ஊசியை நிறுத்திய மரபணு

பதினான்கு வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதிலிருந்து இருபது வருடம் தினமும் நான்கு தடவை இன்சுலின் ஊசி. பசுமலைப் பள்ளியில் கணக்கு டீச்சரான பிறகும், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் ஓய்வறைக்குப் போய் வயிற்றில் குத்திக்கொள்வேன். சின்ன வயதில் மிட்டாயாகத் தின்றதால் வந்தது என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நானே பாதி நம்பியிருந்தேன்.

போன வருடம் புதிதாகப் பார்த்த டாக்டரம்மா, என் ஒல்லி உடம்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்கும்மா இருக்கு?"

"அப்பாவுக்கு. இருபத்தஞ்சு வயசுல வந்துச்சு. அவரும் என்னைய மாதிரி ஒல்லிதான்."

உடனே மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஹெச்.என்.எஃப். ஒன் ஏ என்ற மரபணுவில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருந்தது.

"இந்த ஜீன் செய்யுற புரதம்தான் கணையத்துல மத்த ஜீன்களை முடுக்கி விடுது. ஒங்களுக்கு அது சரியா நடக்கல. இன்சுலின் உள்ளதான் இருக்கு, வெளிய வரமாட்டேங்குது. ஒரு சின்ன மாத்திரை போதும், வந்துரும்."

"அப்ப ஊசி?"

"கொறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திப் பாப்போம்."

மாத்திரையைத் தொடங்கி, தினமும் விரலைக் குத்தி, சர்க்கரை அளவை அவருக்குப் போனில் சொன்னேன். ஒரு திங்கட்கிழமை ஊசியே போடாமல் நான்கு இட்லி சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து நூற்று முப்பத்திரண்டு. நம்பாமல் மறு விரலிலும் குத்தினேன். நூற்று இருபத்தொன்பது. வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் காரணம் சொல்லாமலே, "இன்னைக்கு வீட்டுப்பாடம் கிடையாது" என்றேன். கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.

அப்பாவுக்கும் பரிசோதித்தார்கள்; அதே எழுத்து மாறியிருந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் அவரிடம் சொன்னபோது முகம் வாடிப்போனது.

"என்கிட்டருந்துதான் ஒனக்கு வந்துச்சா, தாயி?"

"ஆமாப்பா. ஒங்களுக்கும் இருக்குன்னு சொன்னதாலதான் டாக்டரம்மா தேடினாக. இல்லாட்டி நான் சாகுற வரைக்கும் குத்திக்கிட்டே இருந்திருப்பேன்."

பிறகு அவரும் மாத்திரைக்கு மாறினார்; இந்த வயதில் அவருக்கு ஊசி முழுதாக நிற்கவில்லை. மூன்றாக இருந்தது ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அன்று தன் ஊசியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அடுத்த பாத்தியில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த கூட்டாளியைப் பார்த்துக் கத்தினார்:

"மாப்ள, எம் மக ஊசிய விட்டுட்டாடா!"