அம்மா சொன்ன கனவுகள்

என்னை சர்ரியலிச ஓவியன் என்று எழுதுகிறார்கள். நடக்காததையெல்லாம் நடந்த மாதிரி, கனவில் வருகிற மாதிரி வரைகிறவன் என்று அர்த்தம். முப்பது வருஷமாக அந்தப் பிழைப்புதான். ஆனால் எனக்குக் கனவே வராது. படுத்தால் கட்டை மாதிரி தூங்குவேன். கனவெல்லாம் அம்மாவுடையது.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அக்கா ரெட்டியார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். தினமும் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு அம்மா ராத்திரி கண்ட கனவைச் சொல்லும். கடல் வீட்டுக்குள் வந்து உட்கார நாற்காலி கேட்டதாம். மாதா தேரைவிட்டு இறங்கி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிப் போனாளாம், கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். நான் நோட்டில் குறித்துக்கொண்டு எழுந்து மாடிக்கு வரையப் போய்விடுவேன். வேறு பேச்சுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. முட்டி வலி, மீன் விலை என்று ஆரம்பித்தால், "அத விடும்மா, கனவச் சொல்லு" என்பேன்.

படங்கள் நன்றாகவே விற்றன. கண்காட்சிக்கு வருகிறவர்கள் "உங்க ஆழ்மனசு இருக்கே..." என்று இழுப்பார்கள். நானும் பெரிய ஞானி மாதிரி தலையை ஆட்டுவேன். இது எங்கம்மா சொன்னது என்று ஒருதரம்கூட வாயைத் திறந்ததில்லை. அப்படியொரு வெட்கங்கெட்ட ஜென்மம்.

போன தவக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டது. என் படங்களை விற்கும் கேலரியில் வருஷக் கடைசிக்குள் புதுப்படம் கேட்டார்கள். கனவு வருமா என்று பகலில் படுத்துப் பார்த்தேன். வயிறு முட்டத் தின்றுவிட்டும் படுத்துப் பார்த்தேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? காலையில் நானே காபி போட்டு, எதிரில் ஆளில்லாமல் குடித்தேன். இனி நான் ஓவியனே இல்லையோ என்று பயமாக இருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு கல்லறையைக் கழுவி வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். இந்த வருஷம் அம்மா கல்லறையை அக்கா தேய்த்துக் கழுவ, நான் சுண்ணாம்பு அடித்தேன். மனசு தாங்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். "கனவையெல்லாம் கையோட எடுத்துக்கினு போயிடுச்சிக்கா. நான் இனிமே என்னத்த வரையறது?"

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். "அதுக்கு ஏதுடா கனவு? அப்பா செத்ததுலேருந்து தூக்கமே கிடையாது. மாத்திரை போட்டும் விடிய விடிய முழிச்சிக்கினுதான் கிடந்துச்சி. ஒரே வீட்டுல இருந்த, தெரியாதா?"

"அப்ப கடல் வந்தது, மாதா பஸ்ஸுல போனது?"

"எல்லாம் அதுவே கட்டின கதைதான். போன்ல எங்கிட்ட சொல்லிச் சிரிக்கும். 'நாளைக்கு அவனுக்கு என்ன சொல்றதுன்னு படுத்துக்கினே யோசிக்கிறேன்டி, கொஞ்சம் நீளமா இருந்தா இன்னும் அஞ்சு நிமிஷம் எதிர்ல குந்துவான்'னு."

சொல்லிவிட்டு அவள் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் ஈரச் சுண்ணாம்பிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேலரிக்குப் போன் போட்டேன். படம் எதுவும் வராது, இதுவரை வரைந்ததும் என் கற்பனை இல்லை, அத்தனையும் எங்கம்மாவுடையது என்று சொன்னேன்.

போனை எடுத்த பெண்ணுக்கு ஆச்சரியம். "அவங்களும் ஆர்ட்டிஸ்டா சார்?"

"இல்லம்மா," என்றேன். "பேச ஆளில்லாம இருந்தாங்க."