எடையும் போட்டு லேபிளும் அடித்த மெஷின்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கணக்கு டீச்சராக இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் குறைந்துபோனதால் மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. வேறு பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் மறுபடியும் சாக்பீஸைக் கையில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் கணவர் வனத்துறையில் இருக்கிறார். செண்பகத்தோப்பில் ட்யூட்டி. ஒருநாள் அவர் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்து வைத்து, ரொம்ப நாளாகக் கம்ப்யூட்டர் படிக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, இப்போது படி என்றார்.

மகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீடியோ பார்த்து ஜாவா படித்தேன். கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் ஆரம்பம் சுலபமாகவே வந்தது. கிளாஸ் என்பது அச்சு, அதிலிருந்து வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. இன்டர்ஃபேஸும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸும் வந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டுமே முழுமை பெறாதவை. இரண்டிலிருந்தும் நேரடியாக ஆப்ஜெக்ட் செய்ய முடியாது. அப்படியானால் எதற்கு இரண்டு? வீடியோக்களில் எல்லாரும் மிருகங்களை உதாரணம் சொன்னார்கள். நாய் குரைக்கும், பூனை கத்தும், இரண்டுக்கும் தாய் 'மிருகம்' என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். கேட்கும்போது புரிந்த மாதிரி இருக்கும். லேப்டாப்பை மூடினால் ஒன்றும் இருக்காது. கடைசியில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி வித்தியாசங்களை மனப்பாடம் செய்துகொண்டேன்.

சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோவில் இன்டர்வியூ வைத்தது. எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. மனப்பாடத்தை ஒப்பித்தேன். கேட்டவர் பொறுமையான ஆள். "சரிங்க மேடம், நீங்க எழுதுற புரோகிராம்ல எந்த இடத்துல எதைப் போடுவீங்க?" என்று கேட்டார். அது தேவைப்படுகிற அளவுக்கு ஒரு புரோகிராமை நான் எழுதியதே இல்லை. அப்படியே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். வேலை கிடைக்கவில்லை.

பிறகு ராஜபாளையத்திலேயே ஒரு சின்னக் கம்பெனியில் இடம் கிடைத்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஆபீஸ். பேண்டேஜ் துணி தயாரிக்கிற யூனிட்டுகளுக்கு அவர்கள் புரோகிராம் எழுதிக்கொடுத்தார்கள். முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அம்மா போன் பண்ணினால் அந்தப் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேசிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி எங்களிடம் தமிழில் தொடருவார். நான் டீச்சராக இருந்தவள் என்று தெரிந்ததிலிருந்து என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

அங்கே எனக்கு முன்னாலேயே ஒரு பெண் வேலை பார்த்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. ஒரே ஊர் என்பதால் காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அவள் என்னை அக்கா என்பாள். நான் அவளை ஏட்டி என்று கூப்பிடுகிற அளவுக்குச் சீக்கிரமே பழகிவிட்டோம்.

எங்கள் புரோகிராமின் வேலை இதுதான். துணிக்கட்டைத் தராசில் வைத்தால் எடை தானாகக் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். உடனே பக்கத்திலிருக்கும் பிரிண்டர் லேபிள் அடிக்க வேண்டும். தராசுப் பகுதி என்னுடையது. பிரிண்டர் பகுதியை நான் வருவதற்கு முன்பே அவள் எழுதி முடித்திருந்தாள். எத்தனையோ வகைத் தராசுகள். ஆனால் கேபிள் வழியாகத் தொடர்பைத் திறப்பது, எடை ஆடாமல் நிலைக்கும் வரை காத்திருப்பது, பிழை வந்தால் எச்சரிப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு தராசும் எண்ணை அனுப்புகிற முறை மட்டும் வேறு. அதனால் பொதுவான வேலையை எல்லாம் ஒரு தாய் கிளாஸில் எழுதி, எண்ணைப் படிக்கிற அந்த ஒரு இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். ஒவ்வொரு தராசுக்கும் ஒரு பிள்ளை கிளாஸ், அந்த வெறும் இடத்தை அது நிரப்பிக்கொள்ளும். எழுதி முடித்த பிறகுதான், அட, இதுதானே அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்று உறைத்தது. நாயும் பூனையும் இல்லாமலே புரிந்துவிட்டது. அவளும் பிரிண்டர்களுக்கு அதே மாதிரி ஒரு தாய் கிளாஸ் வைத்திருந்தாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சத்திரப்பட்டியில் ஒரு யூனிட்டில் புது மெஷின் வாங்கினார்கள். அது தானே எடை போட்டு, தானே லேபிளும் அடித்துவிடும். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு தாய் கிளாஸ்தான் இருக்கலாம். இது என் தராசுக்குப் பிள்ளையா, அவள் பிரிண்டருக்குப் பிள்ளையா? நான் என் பக்கம் இழுத்தேன், அவள் அவள் பக்கம் இழுத்தாள். போதாக்குறைக்கு, எங்கள் இரண்டு தாய் கிளாஸும் திறக்கிற கேபிள் அந்த மெஷினுக்கு இல்லவே இல்லை. அது யூனிட்டின் நெட்வொர்க்கில் பேசுகிற சாதி. நாங்கள் பாடுபட்டு எழுதிய பொது வேலை எதுவும் அதற்கு உதவாது.

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. நம்மால் முடியாவிட்டால் அந்த யூனிட்காரர்கள் மதுரையில் ஆள் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் திரையைக் காட்டி, இது தப்பு, இதை முதலிலேயே இப்படி எழுதியிருக்கக் கூடாது என்றேன். பல வருஷமாகப் பழகிய குரல், தானாக வந்துவிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அக்கா, நான் உங்க கிளாஸ்ல படிக்கிற பிள்ளை இல்ல" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலையிலும் அப்படியே. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே நான் மட்டும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மெஷின் விஷயம் தீராததைவிட அந்த முன்சீட்டுதான் என்னை அதிகமாக வருத்தியது.

ஆபீஸுக்கு வந்ததும் நான் தராசையும் தொடவில்லை, பிரிண்டரையும் தொடவில்லை. பேக்கிங் செய்கிற பெண்கள் பார்க்கிற திரை ஒன்று உண்டு. அதன் புரோகிராமை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தேன். அந்தத் திரை எங்கள் கிளாஸ்களிடம் உண்மையில் என்னதான் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். படித்து முடித்தபோது எனக்கே ஆச்சரியம். அது கேட்டது இரண்டே விஷயம். எடையைக் கொடு. லேபிளை அடி. கேபிளைப் பற்றியோ, எடை நிலைப்பதைப் பற்றியோ அதில் ஒரு சொல் கிடையாது. அதெல்லாம் உள்ளே இருக்கிறவர்களின் பாடு.

எழுந்து அவளிடம் போனேன். இந்தத் தடவை பின்னால் நிற்காமல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேற்றுப் பேசியது சரியில்லை என்றேன். பிறகு அந்த இரண்டு வரியையும் காட்டினேன்.

"அப்போ நான் எழுதின தாய் கிளாஸ் எல்லாம் வேண்டாங்கிறீங்களா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எம்புட்டு நாள் உழைத்து எழுதியது என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே பயம் இருந்தது. அது இல்லாமல் பழைய பிரிண்டர்கள் எப்படி ஓடும் என்று நான் கேட்டேன். அவள் யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும் அக்கா. பழைய மெஷினுக்கெல்லாம் அது வேணும். வாசல்ல மட்டும் ரெண்டு இன்டர்ஃபேஸ் வைப்போம். எடை குடுப்பேன்னு ஒண்ணு, லேபிள் அடிப்பேன்னு ஒண்ணு. புதுசு ரெண்டையும் ஏத்துக்கிடட்டும். எப்படிச் செய்யுதுங்கிறது அது பாடு."

அவ்வளவுதான். ஒரு கிளாஸுக்குத் தாய் ஒன்றுதான், ஆனால் எத்தனை இன்டர்ஃபேஸை வேண்டுமானாலும் அது ஏற்கலாம் என்பதை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். அது எதற்காக என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. வேலையைப் பகிர்ந்துகொள்கிறவர்களுக்கு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். ஒரே வாக்கைக் கொடுத்துவிட்டு அவரவர் வழியில் காப்பாற்றுகிறவர்களுக்கு இன்டர்ஃபேஸ். ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது. எங்கள் பழைய தராசுகளும் பிரிண்டர்களும் இரண்டையுமே வைத்துக்கொண்டன.

சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் அந்த இரண்டு இன்டர்ஃபேஸுக்கும் என்ன பெயர் வைப்பது என்பதே பேச்சு. கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழாமல் அவரிடம் திட்டு வாங்கினோம்.

எழுதி முடித்ததும் முதலாளியோடு மூன்று பேருமாகச் சத்திரப்பட்டிக்குப் போனோம். யூனிட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே, பேக்கிங் பகுதியில் ஒரு அம்மா துணிக்கட்டைத் தூக்கிப் புது மெஷின்மேல் வைத்தார். திரையில் எடை வந்தது. லேபிள் மட்டும் வரவில்லை. "செத்த இருங்க, ரோல் தீந்துபோச்சு" என்று அந்த அம்மா புது லேபிள் ரோலை மாட்டினார். கிர்ரென்று சத்தத்தோடு லேபிள் வெளியே வந்தது. முதலாளி அதைக் கிழித்து எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவருக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. தெலுங்கில் அவர் பேசியதில் 'டீச்சர்' மட்டும் எனக்குப் புரிந்தது.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து வீட்டில் படுத்துவிட்டேன். அப்போது பார்த்து, கூமாப்பட்டியில் காயவைத்த தேங்காய்ப் பருப்பு வாங்கி விற்கிற ஒரு வியாபாரி எங்கள் புரோகிராம் வேண்டும் என்று வந்தாராம். அவரிடம் இருந்தது கேபிளே இல்லாத, காற்றிலேயே எடையை அனுப்புகிற தராசு. தராசு என் பகுதி. அதனால் நான் எழுந்து வர வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அவள் போன் பண்ணினாள். பின்னணியில் ஆட்கள் பருப்பை அள்ளிக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, உங்க கிளாஸை நான் தொடவே இல்ல. எடை இன்டர்ஃபேஸை வச்சு, புதுசா ஒண்ணு எழுதினேன். காலையில உக்காந்தேன், மத்தியானத்துக்குள்ள ஓடிருச்சு. நீங்க வரவேண்டாம், நல்லாத் தூங்குங்க."

நான் இல்லாமல் என் வேலை நடக்கிறது என்றால் வருத்தம்தானே வர வேண்டும். எனக்கு வரவில்லை. ட்யூட்டி முடிந்து வந்த கணவர் கஞ்சியை நீட்டி, யார் போனில் என்று கேட்டார். நான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு ஜாவா தெரியாது. ஆனாலும் கஞ்சி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.