ஜெர்மன்காரனுக்கு ஒரு மெழுகுவத்தி

கத்தியைக் கழுவி, முழங்கை வரை சோப்புப் போட்டு, துண்டில் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் பிராங்க் புத்தகத்தைத் தொடுவான். கரையான்சாவடியில் கோழிக்கடை. ஆள் வந்துவிட்டால் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஓர் இறகைச் செருகி, கறுப்புக் கவரில் சுற்றிப் பரணில் வைத்துவிடுவான். புத்தகத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் அன்று முழுக்கக் கடையில் யாரோடும் பேச்சில்லை.

எல்லாம் வெள்ளைக்காரர்கள் எந்தக் காலத்திலோ எழுதிய கதைகள், தத்துவங்கள். பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வருபவை. கறி வெட்டிக்கொண்டே, வாங்க வந்து நிற்கும் இந்தக் கிழவிக்கும் சொல்வான். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் அவன் தயவில் கிரேக்க தேசம் தெரியும். "அவங்கல்லாம் ஏசு பொறக்கறதுக்கு முன்னாடியே பூட்டாங்க ஆயா, அவங்க மேல தப்பு கெடியாது" என்று கிரேக்கர்களை விட்டுவிடுவான். அழுது அழுது எழுதிய தடித்த ரஷ்யக் கதை என்றால்தான் கோபம். "சாமியாராண்ட போயி ஒரு தபா பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கினு வந்திருந்தான்னா பத்துப் பக்கத்துல முடிஞ்சிருக்கும். நம்மள இன்னாத்துக்கு இயுக்குறான்?"

கல்லறைத் திருநாள் அன்று, வேற்றூரில் அடக்கமானவர்களுக்காகப் பூந்தமல்லிக் கல்லறைத் தோட்டத்து நடுச்சிலுவையின் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவோம். பிராங்க் கோலாரில் கிடக்கும் தன் அப்பாவுக்கு ஏற்றிய கையோடு, அந்த வருடம் படித்த ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொன்று ஏற்றுவான். அவர்களுக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்பான்.

போன வருடம்தான் சிக்கல். கடவுளே இல்லை என்று எழுதிய ஒரு ஜெர்மன்காரனிடம் மாட்டிக்கொண்டான். மாதக்கணக்கில் சண்டை. கத்தி இறங்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு பதில். சண்டை போட்டுப் போட்டே ஆளைப் பிடித்துப்போய்விட்டது. இவனுக்கு மெழுகுவத்தி உண்டா, இல்லையா?

"கூப்ட்டு சோறு போட்டாலும் துப்புற ஆளு, அவனுக்கு வத்தியா? எயுந்து வந்து உன்னியே திட்டுவான்" என்றாள் அவன் மனைவி சாராள். நானும் கூடாது என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். வீட்டுக்கே வரமாட்டேன் என்கிறவனுக்கு வாசலில் விளக்கு எதற்கு?

பிராங்குக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவன் சொன்னது தப்புன்னா, இப்ப எங்க கெடக்குறானோ ஆயா. அவனுக்கோசரம் ஆண்டவராண்ட வேற யாரு கேப்பா?"

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் ஏற்றிவிட்டு, கடைசி மெழுகுவத்தியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். சாராள் முறைத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, அப்பாவின் சுடரில் பற்றவைத்து, அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஜெர்மன்காரனையும் நட்டான். நட்டதுதான் தாமதம், தூறல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் குடை தேடி ஓடினோம். பிராங்க் மட்டும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கக்கத்தில் இருந்த கறுப்புக் கவரை உருவிப் போட்டுவிட்டு, அந்த ஜெர்மன்காரன் எழுதிய புத்தகத்தையே விரித்து, சுடருக்கு மேலே கூரையாகப் பிடித்துக்கொண்டான்.