மூடாமல் விட்ட கடைசி வரிசை

அந்துருண்டை வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. துணிக்கடையிலோ, கல்யாண வீட்டில் யாரோ கட்டிவந்த பழைய பட்டுப் புடவையிலோ, எங்கிருந்து வந்தாலும், ஒன்பது வயதில் நான் நின்ற பாலக்கரை வீட்டின் உள்ளறைக்கே அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அன்று அம்மா பீரோவின் மேல் தட்டிலிருந்து, அந்துருண்டை போட்டு வைத்திருந்த ஒரு துணிப்பையை இறக்கினாள். உள்ளே இளமஞ்சள் நிறத்தில் ஆறேழு ‘உல்லன்’ நூலுருண்டைகள், இரண்டு நீள ஊசிகள், ஓர் ஊசியில் ஒரு சாண் அளவுக்குப் பின்னிப் பாதியில் நின்றுபோன குட்டிப் போர்வை. எனக்கு ஐந்து வயதாயிருந்தபோது ஒரு தம்பி பிறந்தான், அழவே இல்லை. அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவோம், அவனை இரண்டு கைகளிலும் ஏந்திப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அவனுக்காகத் தொடங்கிய போர்வை அது. நான்கு வருடம் தொடாமல் கிடந்த நூலை, இப்போது மறுபடி உண்டாகி ஆறு மாதம் ஆகியிருந்த அம்மா, விட்ட இடத்திலிருந்தே பின்னத் தொடங்கினாள். ‘திருச்சி வெயிலுக்குக் கம்பளியா’ என்று தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டில் இருந்த பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“மைமூன், இது அந்தப் பிள்ளைக்கு எடுத்ததுல்ல? பிள்ளை கைக்கு வர்றதுக்கு முன்னாடி எதையும் முடிச்சு வைக்கக் கூடாதும்பாங்க. எடுத்து உள்ள வை.”

“பாதியில நிக்குதே, அதுதாங்க்கா எனக்குப் பயமா இருக்கு” என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாவின் பயம் எனக்குப் புரியவில்லை. பெரியம்மாவின் பயம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போர்வை முடிந்தால் குழந்தை செத்துப்போகும் என்று எனக்குள் நானே முடிவு கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் அதைச் சாண் போட்டு அளப்பேன். இரண்டு சாண், இரண்டரை, மூன்று. வளர வளர எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தா காந்தி மார்க்கெட்டில் வாழையிலைக் கடை வைத்திருந்தார். தொட்டியத்திலிருந்து வரும் கட்டுகளை இறக்க விடியுமுன் போய்விட்டால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அவரிடம் சொல்லலாம் என்றால், சொன்னாலே நடந்துவிடுமோ என்று வாய் வரவில்லை.

அம்மா சாயங்கால அஸர் தொழுகையில் நிற்கும் நேரத்தில்தான் முதன்முறை ஊசியை உருவினேன். நூலைப் பிடித்து இழுத்ததும் கண்ணிகள் ‘பொலபொல’வென்று அவிழ்ந்த வேகத்தில் பயந்து, மிச்சத்தை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தேன். நான்கு வரிசை பிரித்து, நூலை உருண்டையில் சுற்றி, நிற்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து வைப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. மறுநாளும் பிரித்தேன். அம்மா பகலெல்லாம் பின்னுவாள். நான் சாயங்காலம் பிரிப்பேன். போர்வை மூன்று சாணைத் தாண்டவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிருக்கும். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால், அம்மா தொழுகைத் துப்பட்டாவோடு கதவருகே நிற்கிறாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“நீதானா? நான் என்னென்னவோ நெனச்சு நடுங்கிக்கிட்டு இருந்தேன், ஆபிதா. எவ்வளவு பின்னினாலும் வளரவே மாட்டேங்குதே, யாரு பிரிக்கிறாங்கன்னு... உங்க அத்தாகிட்ட கூடச் சொல்லல.”

“முடிச்சா பாப்பா செத்துரும்” என்று அழுதேன்.

அம்மா போர்வையை வாங்கி, நழுவிக்கிடந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினாள். கடைசியில், “சரி, கடைசி வரிசையை மட்டும் மூடாம வச்சிருவோம். பாப்பா வந்தப்புறம் மூடிக்கலாம். இனிமே பிரிக்காத” என்றாள். அதன்பிறகு என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பின்னினாள். சில வரிசைகளை என் கையிலும் கொடுத்தாள். எங்கள் இரண்டு பயங்களும் ஒரு மாதிரி சமாதானமாகிவிட்டதாக நினைத்தேன்.

ஐப்பசி அடைமழையில், பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே, அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பெரியம்மா வீட்டில் அந்தப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, மூடாத கண்ணிகள் ஊசியை விட்டு நழுவாமல் இரு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அத்தா நனைந்துபோய் வந்தார். பெண் குழந்தையாம். பிறந்ததும் அழுததாம், ஆனால் ஒரு கையளவுதான் இருக்கிறதாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். “டாக்டரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க” என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அதை உன்னை முடிச்சுத் தரச் சொன்னா உங்க அம்மா. ரெண்டு கண்ணி பின்னி, முதல் கண்ணியை ரெண்டாவதுக்கு மேல தூக்கிப் போடணுமாம். அப்படியே கடைசி வரைக்குமாம்.” இலைச்சாறு கறுப்பேறிய விரல்களால் காற்றில் அதை அவர் செய்துகாட்டினார்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிட்டு ஓடிவிடத் தயாராக இருந்தேன். அவர் என் எதிரே வந்து உட்கார்ந்து நூலுருண்டையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டு, “பிஸ்மி சொல்லிப் போடு கண்ணு. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அல்லா பார்த்துக்குவான்” என்றார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. ஒவ்வொரு கண்ணியைத் தூக்கிப் போடும்போதும், இதோ இப்போது அங்கே ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும். காது வாசலிலேயே இருக்கும். கடைசிக் கண்ணி வந்ததும் நூலை வெட்ட என்னால் முடியவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்த என் கையின்மேல் பெரியம்மா தன் கையை வைத்து அழுத்தினார்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை. பதினோராம் நாள் பெட்டியிலிருந்து எடுத்த என் தங்கையை, ஓரம் கோணிக்கொண்டு நின்ற அந்தப் போர்வையில் சுற்றி அம்மாவின் மடியில் வைத்தார்கள். அம்மா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் நாங்கள் இருவரும் முறைபோட்டுக்கொண்டு அதைச் செய்தோம்.

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே செல்போன் கடைகள் வரிசையாக நிற்கின்றன. பெரியம்மா மறைந்து வெகுகாலமாகிறது. போர்வையை, தெருவில் குறைமாதத்தில் பிறந்த இன்னொரு குழந்தைக்கென்று அம்மா கொடுத்தாள். அந்தக் குடும்பம் ஜீயபுரம் பக்கம் போய்விட்டது, பிறகு தகவல் இல்லை. தங்கை ஸ்ரீரங்கத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். இந்தக் கதையைச் சொன்னால், “நீங்க ரெண்டு பேரும் லூசு” என்று சிரிப்பாள். அவள் வழக்கமாகக் கூப்பிடாத வேளையில் போன் அடித்தால் மட்டும், இரண்டு மூன்று முறை அடிக்கும்வரை எனக்குக் கை எழாது. எடுத்தால், “என்னக்கா இவ்வளவு நேரம்? ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும், சீக்கிரம் சொல்லு, அடுப்புல இருக்கு” என்பாள்.