எழுதாமல் விட்ட அழுங்கு

விலங்குக் கணக்கெடுப்புப் படிவத்தில் நான் நிரப்பாமல் விட்ட ஒரு வரி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓசூர் கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்து அனுப்பிவிட்டார்கள். கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டுமென்று மூன்று நாள் கூலிக்குக் காட்டுக்குப் போனேன். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, ஒரு பக்கம் கல்குவாரி, மீதி ராகிக் கொல்லை. நடுவில் தனியாக அகப்பட்டுக்கொண்ட காடு அது.

அங்கே தற்காலிக வனக் காவலராக இருந்தவரை எல்லோரும் வாட்சர் என்றே கூப்பிட்டார்கள். என் வயதுதான். மூன்று பாஷை பேசுவார், ஒன்றிலும் எழுதத் தெரியாது. அவர் சொல்ல, எட்டாவது வரை படித்த நான் எழுத வேண்டும். "கம்பெனியில போல்ட்டு எண்ணுனியே, அது நிக்கும். இது ஓடும், பார்த்து எழுது" என்பார். புழுக்கையைக் குச்சியால் கிளறியே முயலா முள்ளம்பன்றியா என்று சொல்லிவிடுவார். புள்ளிமான், நரி, மரநாய், கீரி என்று தாள் நிறைந்துகொண்டே போனது. அத்தனை சின்னக் காட்டில் இத்தனையும் எங்கே ஒளிந்திருந்தன என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது, பாறைச் சரிவில் ஒரு அழுங்கு, அதாவது எறும்புதின்னி, வளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் செதில். வாலின் மேல் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பேனாவைத் திறந்தேன்.

"அத எழுதாதப்பா."

"ஏன், பார்த்தோமில்ல?"

"போன தடவ ஆமை இருக்கிற எடத்த எழுதிக் குடுத்தோம். ஒரே மாசத்துல கோணிப்பையோட வந்து அள்ளிட்டுப் போயிட்டானுங்க. இதோட செதிலுக்கு அதவிட கிராக்கி."

விட்டுவிட்டேன்.

சில வருஷம் கழித்து, போச்சம்பள்ளி கம்பெனியிலும் வேலை போனபின், மின்கோபுரத்துக்குக் குழி தோண்டச் சேர்ந்தேன். லாரி அதே சரிவில் இறக்கிவிட்டது. "அபூர்வமா ஒண்ணும் இல்லாத காடுன்னு கணக்கெடுப்புல இருக்குதாம். அதான் நேரா போகுது லைனு" என்றார் மேஸ்திரி.

வாட்சரும் அங்கே இருந்தார். அழுங்கு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருக்குது. போன வாரம்கூடப் பார்த்தன்."

"இப்பவாவது சொல்லிடலாமே?"

"அன்னிக்கு ஏன் எழுதலன்னு கேப்பாங்க. என் வேல போயிரும். நீ வந்து சோறு போடுவியா?"

எனக்கும் அன்றைய கூலி வேண்டும். தோண்டினேன்.

இப்போது பஸ்ஸில் போனால் அந்தக் கோபுரம் தெரிகிறது. எழுதியிருந்தால் கோபுரம் விலகிப் போயிருக்குமா, கோணிப்பைக்காரர்கள் முந்தியிருப்பார்களா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேலை முடிந்த அன்று வளையின் வாய் மண்ணால் மூடியிருந்தது. உள்ளே இருந்தால் அதுவே மண்ணைத் தள்ளி அடைத்துக்கொள்ளும் என்றார் வாட்சர். அது தள்ளிய மண்ணா, நாங்கள் கொட்டிய மண்ணா என்று குனிந்து பார்த்தோம். அவராலும் சொல்ல முடியவில்லை.