நாற்காலியில் தொங்கிய கோட்

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, தில்லி துவாரகாவில் நான் கணக்கியல் நடத்தும் கல்லூரிக்குப் பேரிடர் மேலாண்மை கற்பிக்க வந்தவர் அவர். குள்ளமான உருவம், அளவாக நறுக்கிய மீசை, சாம்பல் நிறக் கோட். காலையில் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஐயா இங்கேதான் எங்கேயோ இருக்கிறார் என்று அது சாட்சி சொல்லும். தில்லி அலுவலகங்களில் இது பழைய சம்பிரதாயம்.

"இன்னும் பழைய ஆபீஸ் செக்‌ஷனை விட்டு வரலையா சார்?" என்பேன்.

"சர்வீஸ் பூரா இருந்த பழக்கம், போகுமா?" என்று சிரிப்பார்.

ஒரு ஜனவரிக் காலையில் நிலம் அதிர்ந்தது. அவர் கற்றுக்கொடுத்தபடியே, ஆட்டம் நின்றதும் மாணவர்கள் வரிசையாக மைதானத்துக்கு வந்து ஆள் எண்ணிக்கை பார்த்தார்கள். அவரை மட்டும் காணோம்.

"கோட் சேர்லயே இருக்கு. சார் உள்ளே மாட்டிக்கிட்டார்!" என்று ஒரு மாணவி மறுபடி கட்டடத்துக்குள் ஓடினாள்.

அப்போதுதான் அவர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் கிளாஸைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அவள் கோட்டோடு வெளியே வந்தாள்.

"திரும்பி உள்ளே போகாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்மா?"

"நீங்க உள்ளே இருக்கீங்கன்னு நினைச்சேன் சார்."

அவர் கோட்டை வாங்கி அணிந்து, எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டார்.

மே மாதத்திலும் கோட்டோடுதான் வந்தார்.

"வெந்துடுவீங்க சார், கழட்டி மாட்டுங்க" என்றேன்.

"வேணாம் சார். நான் இருக்கிற இடத்துலயே அதுவும் இருக்கட்டும்" என்று வியர்வையைத் துடைத்தபடி டீக்கடைக்குக் கிளம்பினார்.

கோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாமே என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.