இறங்காதவர்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவருக்கு 'மேலிடம்' என்று பெயர். உயரமான கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காலையில் ஏணி ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரைத் தொடவே மாட்டார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

பக்கத்துக் கிரேன்காரத் தம்பி, மதியம் ஒரு தடவை இறங்கி ஏற மேற்பார்வையாளரிடம் நேரம் கேட்டபோது, மேலிடம் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"இத்தனை வருஷத்துல நான் இறங்கியிருக்கேனா? தம்பிக்கு டயப்பர் கட்டி அனுப்புங்க சார்."

மேற்பார்வையாளரும் சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு மேலிடத்தின் இடது கெண்டைக்கால் வீங்கியது. மனைவி நச்சரித்தாள். "சுளுக்குடி" என்று அவள் வாயை அடைத்தார்.

ஒரு முற்பகலில் கூண்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாய்ந்தார். நினைவு வந்தபோது ஸ்ட்ரெச்சரில் வைத்து யாரோ வாரால் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பிதான். மேலிடத்தின் கால்சட்டை நனைந்திருந்தது. கீழே ஒரு கூட்டமே அண்ணாந்து நின்றது. தம்பி தன் சட்டையைக் கழற்றி அவர் இடுப்பை மூடினான்.

காலில் உறைந்த ரத்தம் நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்திருந்தது.

"தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, கட்டியை உறிஞ்சி எடுத்துடலாம். மரத்துப்போக ஊசி மட்டும்தான். முழிச்சிட்டே இருப்பீங்க, பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

அப்படியே நடந்தது. திடீரென்று மார்பு லேசாகி, காற்று அடிவயிறு வரை இறங்கியது. டாக்டரம்மா துணியில் வைத்துக் காட்டியவை மண்புழுத் துண்டுகள்போலக் கருஞ்சிவப்பாக இருந்தன.

"தண்ணியும் குடிக்காம, காலையும் நீட்டாம நாள் பூரா உக்காந்ததும் ஒரு காரணமா இருக்கலாம். நடுவுல இறங்கவே விடமாட்டாங்களா?" என்று வார்டில் வந்து கேட்டார்.

மேலிடம் கூரையைப் பார்த்தார். மனைவி பொரிந்து தள்ளினாள்: "படுபாவிங்க! மனுஷனை ஒண்ணுக்குப் போகக்கூட விடலையே!"

அவரைப் பார்க்க வந்திருந்த தம்பி சுவரோரம்தான் நின்றான். ஒரு வார்த்தை போதும், குட்டு உடைந்துவிடும். அவன் சொல்லவில்லை. "வரேன் அக்கா. அண்ணனைப் பார்த்துக்கோங்க" என்று கிளம்பிவிட்டான்.

"யாரையும் திட்டாதே. இறங்க விடாதது நான்தான். அந்தத் தம்பியையும் சேர்த்து" என்று நடந்ததைச் சொல்லிவிட்டு, மேலிடம் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, மதியம் எல்லாரையும் இறங்க விடும்படி கெஞ்சிக் கேட்டு, அனுமதி வாங்கினார். தம்பிக்குப் போன் செய்ய மட்டும் இன்னும் கை வரவில்லை.